பட்டாவில் நிற்கும் காடு: தனியார் காட்டு நிலக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"பட்டா என் பேர்ல இருக்கு, வரி நான் கட்டுறேன், மரத்தை வெட்ட மட்டும் எதுக்குக் கலெக்டர்கிட்ட போகணும்?" கீழ்ப்பழனி மலையில் தொடங்கி நீலகிரி வரை, மரம் நிற்கும் பட்டா நிலம் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு முறையாவது இதைக் கேட்டிருப்பார்கள். கேள்வி நியாயமானது. பதில் தெரியாமல் நிலத்தில் இறங்குவதால்தான் வழக்கும் அபராதமும் வருகின்றன. சட்டத்துக்குப் பயந்து எதையுமே செய்யாமல் விட்ட நிலமும் உண்ணிச்செடி மூடி வீணாகிறது.

இந்தச் சிக்கலின் பெரிய முடிச்சு நம் மலையிலேயே விழுந்தது என்பது பலருக்குத் தெரியாது. நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்துக் காடுகள் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்கள், அதாவது பரம்பரை உரிமை நிலங்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, அங்கே காடு அழிவதைத் தடுக்கச் சொல்லி 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு நாடு முழுவதையும் கட்டியது. அகராதிப் பொருளில் காடு என்று சொல்லத்தக்க நிலமும், அரசுப் பதிவேட்டில் காடு என்று எழுதப்பட்ட நிலமும், யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்றது அந்த உத்தரவு.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான். தானாக வளர்ந்த காட்டையும் நீங்கள் நட்டு வளர்த்த மரத்தையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். தரையில் பிரியுங்கள், வரைபடத்தில் பிரியுங்கள், கணக்கிலும் பிரியுங்கள். இரண்டுக்கும் சட்டம் வேறு, வரி வேறு, வருமானம் வரும் வழியும் வேறு. இரண்டையும் குழப்பி வைத்திருப்பவர்தான் இரண்டிலும் நஷ்டப்படுகிறார்.

படி 1: உங்கள் நிலம் எந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது?

மரத்தைத் தொடுவதற்கு முன் காகிதம். சிட்டா, அடங்கல், ஏ-பதிவேட்டு நகல், புல வரைபடம், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். ஏ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தை விரல் வைத்துப் படியுங்கள். பட்டா நகலில் இல்லாத சங்கதி அங்கே ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கும். பிறகு கீழ்க்கண்டவற்றில் உங்கள் நிலத்துக்கு எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

முதலாவது, 1949-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். ஜமீன் ஒழிப்புக் காலத்தில், கையை விட்டுப் போவதற்கு முன் காடுகளை மொட்டையடிப்பதைத் தடுக்கப் பிறந்த சட்டம் இது. பழைய எஸ்டேட் நிலங்களில் இருந்த காடுகளுக்கும், 2 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் ஐந்து ஏக்கருக்கு மேல் தொடர்ச்சியாக இருந்து காடு என்று அறிவிக்கப்பட்ட தனியார் நிலங்களுக்கும் இது பொருந்தும். மரமும் புதரும் உள்ள தரிசு, மேய்ச்சல் நிலம்கூட இந்தச் சட்டத்தின் பார்வையில் காடாகலாம். ஆகவே "என் நிலத்தில் பெரிய மரமே இல்லையே" என்ற வாதம் எடுபடாது.

இதில் நிலக்காரர்கள் அடிக்கடி தவறவிடுவது மரம் வெட்டும் தடையை அல்ல. மூன்றாம் பிரிவின் இன்னொரு பாதியைத்தான். அறிவிக்கப்பட்ட தனியார் காட்டை, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவின் முன் அனுமதியில்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. பத்திரப் பதிவு நடந்துவிட்டது என்பதற்காக அது செல்லுபடியாகிவிடாது. நிலம் வாங்கப் போகிறவரும் விற்கப் போகிறவரும் இந்த ஒரு பத்தியை இரண்டு முறை படித்துக்கொள்ள வேண்டும். காய்ந்து விழுந்த மரத்தை எடுப்பதற்கும், வழக்கமான வீட்டுத் தேவைக்கும், விவசாயக் கருவி செய்வதற்கும் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆனால் அதை நம்பி லாரியில் ஏற்றினால் அது வீட்டுத் தேவை ஆகாது.

இரண்டாவது, 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். உங்கள் கிராமம் அறிவிக்கப்பட்ட மலைக் கிராமமாக இருந்தால், காடாக இல்லாத தோட்டத்தில் நிற்கும் மரத்துக்கும் குழுவின் அனுமதி வேண்டும். கொடைக்கானல், ஏற்காடு, நீலகிரிப் பகுதிகளில் காபித் தோட்டக்காரர்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். நிழலைக் குறைக்கக் கிளை கழிப்பது வேறு, மரத்தை அடியோடு வெட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, 1882 வனச் சட்டத்தின் நான்காம் பிரிவு அறிவிக்கை. நிலத்தைக் காப்புக்காடாக்க அரசு உத்தேசித்தால் முதலில் நான்காம் பிரிவில் அறிவிப்பார்கள். விசாரணை முடிந்து பதினாறாம் பிரிவில் இறுதி அறிவிப்பு வரும். இந்த இரண்டுக்கும் நடுவே பல பத்தாண்டுகளாகத் தொங்கும் நிலங்கள் ஏராளம். உங்கள் சர்வே எண் அப்படியொரு பட்டியலில் இருக்கிறதா என்று வன நிர்ணய அலுவலரிடமும் மாவட்ட வன அலுவலகத்திலும் கேளுங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இதோடு 1969 ஜன்ம ஒழிப்புச் சட்டமும் சேரும். அங்கே "பிரிவு 17 நிலமா?", அதாவது அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் பழைய குத்தகை நிலமா, என்று கேட்காமல் யாரும் ஒரு செண்ட்கூட வாங்கக் கூடாது.

நான்காவது, மத்திய வனப் பாதுகாப்புச் சட்டம். 2023-ல் இதைத் திருத்தினார்கள், 2023 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. வனமாக முறைப்படி அறிவிக்கப்பட்ட நிலத்துக்கும், 1980 அக்டோபர் 25 நிலவரப்படியோ அதற்குப் பிறகோ அரசுப் பதிவேட்டில் வனம் என்று எழுதப்பட்ட நிலத்துக்கும் மட்டுமே சட்டம் பொருந்தும் என்று சுருக்கினார்கள். "இனிமேல் தனியார் காட்டுக்குக் கட்டுப்பாடே கிடையாது" என்று புரோக்கர்கள் சொல்லத் தொடங்கியது அப்போதுதான். நம்பாதீர்கள். அந்தத் திருத்தத்தை எதிர்த்த வழக்கில், 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் 1996-இன் பொருள்விளக்கத்தையே இடைக்காலமாகப் பின்பற்றச் சொன்னது. அது ஒருபுறம் இருக்க, மாநிலத்தின் 1949, 1955 சட்டங்களை அந்தத் திருத்தம் தொடவே இல்லை.

இவற்றுக்கு மேல் இடத்தைப் பொறுத்த கட்டுப்பாடுகள் உண்டு. நீலகிரியின் சீகூர்ப் பீடபூமியில் யானை வழித்தட அறிவிக்கையை 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே ரிசார்ட் கட்டியவர்களும் வீடு வைத்திருந்தவர்களும் ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலான குழுவின் முன் தங்கள் காகிதங்களோடு நிற்க வேண்டியதாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கான சூழல் உணர்திறன் பகுதி வரைவு 2024 ஜூலை 31 அன்று ஆறாவது முறையாக வெளியானது. ஆறு மாநிலங்களில் மொத்தம் 56,825.7 சதுர கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டுப் பங்கு 6,914 சதுர கிலோமீட்டர். உங்கள் கிராமத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் வாய்மொழியாகக் கேட்டுத் திருப்திப்படக் கூடாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்ட வன அலுவலகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். சர்வே எண்ணையும் உட்பிரிவையும் குறிப்பிட்டு, "இந்த நிலம் 1949 சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டுள்ளதா? 1955 சட்டம் பொருந்தும் கிராமமா? நான்காம் பிரிவு அறிவிக்கையில் உள்ளதா?" என்று மூன்று நேரடிக் கேள்விகள் போதும். பின்னாளில் ரேஞ்சர் மாறலாம், விஏஓ மாறலாம், அந்தப் பதில் கடிதம் மாறாது.

படி 2: நிலத்தை நடந்து பிரியுங்கள்

புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்கல்லில் இருந்து தொடங்குங்கள். கல் காணாமல் போயிருந்தால் முதலில் சர்வேயருக்கு மனு கொடுத்து அளந்து கல் நடுங்கள். காப்புக்காட்டை ஒட்டிய எல்லை என்றால் வனத்துறையையும் கூட அழைத்து அளப்பதுதான் பத்திரம். எல்லைத் தகராறு வனத்துறையோடு வந்தால், அது அண்ணன் தம்பி தகராறு போல ஊர்ப் பெரியவர்களால் தீர்ந்துவிடாது.

அதன் பின் நிலத்தை மூன்று துண்டுகளாகக் குறியுங்கள். ஓடைக்கரை, செங்குத்துச் சரிவு, சோலை போன்ற தானாக நிற்கும் காடு ஒன்று. காபி, ஏலம், மிளகு, ஆரஞ்சுக்கு நிழலாக நிற்கும் மரங்கள் உள்ள தோட்டம் இரண்டாவது. தடி மரத்துக்காகவே நீங்கள் நட்ட சில்வர் ஓக், மலைவேம்பு, தேக்கு, குமிழ் போன்றவை மூன்றாவது. கைப்பேசியிலேயே ஜிபிஎஸ் கேமரா செயலி வைத்து ஒவ்வொரு துண்டின் மூலைகளிலும் தேதியோடு படம் எடுங்கள். மூன்றாவது துண்டில் நட்ட ஆண்டு, கன்று வாங்கிய ரசீது, கூலிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். அந்த மரங்களை அடங்கலில் ஏற்றச் சொல்லி விஏஓவிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

ரசீதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இரண்டு காரணங்கள். முதல் காரணம் வருமான வரி. 1957-ல் ராஜா பினோய் குமார் சாஹஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது. உழுது, நட்டு, பராமரித்து வளர்த்த மரத்தின் வருமானம்தான் விவசாய வருமானம். மனித உழைப்பு இல்லாமல் தானே முளைத்து வளர்ந்த காட்டு மரத்தை விற்றால் அது விவசாய வருமானம் ஆகாது, வரி உண்டு. நட்டதற்குச் சான்று இல்லையென்றால், நீங்கள் பாடுபட்டு வளர்த்த சில்வர் ஓக்கும் காட்டு மரக் கணக்கில் போய்விடக்கூடும்.

இரண்டாவது காரணம் புதிதாகத் திறக்கும் கதவு. 2025 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விவசாய நிலத்தில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. நட்ட மரங்களை இடக்குறிப்போடு ஒரு தேசிய இணையதளத்தில் முன்கூட்டியே பதிந்துவிட்டால், வெட்டும்போது அனுமதி எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இவை மாதிரி விதிகள்தான், மாநிலம் ஏற்றால்தான் நம் ஊரில் செல்லும். ஆனால் பதிவு என்று வரும்போது கேட்கப்போவது நிலச் சான்று, நட்ட தேதி, இனம், எண்ணிக்கை, இடக்குறிப்பு. இவை இன்றே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

படி 3: அனுமதி வாங்குவது

மர வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு அனுமதிக்கு அலையாதீர்கள். "அண்ணே, பர்மிஷன் எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார். முப்பது மரத்துக்கு அனுமதி வாங்கி நாற்பதை அவர் வெட்டினால் வழக்கு அவர் மேல் மட்டும் வராது, நிலம் உங்களுடையது. அனுமதி உங்கள் பெயரில், உங்கள் கையால். அதன் பிறகுதான் விலை பேச்சு.

மனுவோடு சிட்டா, அடங்கல், புல வரைபடம், வில்லங்கச் சான்று, மரப்பட்டியல் வையுங்கள். மரப்பட்டியலில்தான் உங்கள் மனுவின் தரம் தெரியும். ஒவ்வொரு மரத்துக்கும் பெயிண்டால் எண் போட்டு, இனம், நெஞ்சு உயரச் சுற்றளவு, எந்தத் துண்டில் நிற்கிறது, ஏன் வெட்ட வேண்டும் என்று எழுதுங்கள். நெஞ்சு உயரம் என்றால் தரையிலிருந்து 1.37 மீட்டர். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். வெட்டிய இடத்தில் என்ன நடப்போகிறீர்கள் என்ற ஒரு பக்கத் திட்டத்தையும் இணையுங்கள். வருவாய்த்துறையும் வனத்துறையும் பார்வையிட வரும் நாளில் நீங்களோ வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரோ கட்டாயம் அங்கே இருங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

சில மரங்களுக்குத் தனிச் சட்டம். சந்தனத்தைப் பட்டா நிலத்தில் வளர்க்கலாம், 2002-க்குப் பிறகு அந்த உரிமை நிலக்காரருக்கு உண்டு. 2008-ல் இதற்கெனத் தனி விதிகளும் வந்தன. ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். சந்தனம் வளரத் தொடங்கியவுடன் எழுத்து மூலம் தெரிவித்துப் பதிந்துவிடுங்கள். திருட்டுப் போனால் சந்தேகம் முதலில் உங்கள் மேல் விழாமல் இருக்க அது உதவும். ஈட்டி மரத்தை, தோதகத்தி என்றும் சொல்வோமே, காய்ந்து நின்றாலும் அனுமதியில்லாமல் தொடாதீர்கள். செம்மரம் வளர்ப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பல ஆண்டுகளாகச் சர்வதேச வணிகக் கண்காணிப்பில் இருந்த இந்தியச் செம்மரம் 2023 நவம்பரில் அந்தப் பட்டியலில் இருந்து விடுபட்டது. நட்டு வளர்த்த செம்மரத்தை முறைப்படி ஏற்றுமதி செய்யும் வழி இதனால் சற்று அகலமாகியிருக்கிறது.

வெட்டிய மரத்தை நகர்த்த டிரான்சிட் பாஸ் என்ற போக்குவரத்து அனுமதிச் சீட்டு வேண்டும். 1968 மரப் போக்குவரத்து விதிகளில் இருந்து விலக்குப் பெற்ற இனங்கள் உண்டு, ரேஞ்ச் அலுவலகத்தில் நடப்புப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வெளிமாநிலம் அனுப்புவதாக இருந்தால் 2023 டிசம்பரில் தொடங்கிய தேசிய டிரான்சிட் பாஸ் இணையதளம் இருக்கிறது.

படி 4: விற்கும்போது அளவு

இங்கேதான் நிலக்காரருக்குக் கண்ணுக்குத் தெரியாமல் பணம் போகிறது. நம் பக்கம் தடி மரம் கன அடிக் கணக்கில் விற்கும். அதை அளக்கும் முறைக்குக் கால் சுற்றளவு முறை என்று பெயர். மரத்தின் நடுப்பகுதிச் சுற்றளவை நான்கால் வகுத்து, அதைத் தன்னால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள்.

ஒரு துண்டு 10 அடி நீளம், நடுச் சுற்றளவு 4 அடி என்று வைத்துக்கொள்வோம். நாலில் ஒன்று 1 அடி. ஒன்றை ஒன்றால் பெருக்கி நீளத்தால் பெருக்கினால் 10 கன அடி. அதே துண்டை உருளையாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 12.7 கன அடி இருக்கிறது. அதாவது உண்மையில் இருக்கும் மரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே கணக்கில் வராது. அறுக்கும்போது போகும் சிராய்க்கும் தூளுக்கும் இது ஈடு என்பது சந்தை வழக்கம், அதை மாற்ற முடியாது. ஆனால் அந்த ஈடு ஏற்கனவே கழிந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன் மேல் "பட்டைக்கு இரண்டு அங்குலம் கழி", "மெல்லிய முனையில் அளப்போம்", "அரை அடி நீளம் தள்ளு" என்று ஒவ்வொன்றாக வரும்போது அங்கே நிறுத்துங்கள். நான்கு அடிச் சுற்றளவில் இரண்டு அங்குலம் குறைந்தால் பத்து கன அடி 9.2 ஆகிவிடும். டேப்பின் ஒரு முனை எப்போதும் உங்கள் ஆள் கையில் இருக்கட்டும், அளவுச் சிட்டையில் இரு தரப்பும் கையெழுத்துப் போடட்டும்.

நின்ற நிலையில் தோப்பாக மொத்த விலை பேசுவதைவிட, வெட்டிய பின் கன அடிக்கு இவ்வளவு என்று பேசுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அனுமதி எண், வெட்டும் மரங்களின் எண்கள், வெட்டு ஆள் காயப்பட்டால் யார் பொறுப்பு, பாதை சேதமானால் யார் சரி செய்வது, பணம் எப்போது என்று ஒரு ஒப்பந்தம் எழுதிவிடுங்கள். சமவெளியில் சவுக்கும் தைலமும் வைத்திருப்பவர்களுக்குக் காகித ஆலைகளின் கொள்முதல் திட்டம் இருக்கிறது, அங்கே எடைக் கணக்கு என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

படி 5: காட்டைக் காடாக வைத்திருப்பது

தடை எத்தனை இருந்தாலும், மலையில் தனியார் காட்டைத் தின்பது இன்று கோடாலி அல்ல, களைச்செடி. உண்ணிச்செடி ஒரு முறை மூடிவிட்டால் கீழே எந்த விதையும் முளைக்காது, கோடையில் அதுவே தீனியாகித் தீயை மரத்தின் கொப்பு வரை ஏற்றும். மேலாக வெட்டினால் அடுத்த மழையில் இரட்டிப்பாகத் தழைக்கும். வேர்க்கழுத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே மண்வெட்டியால் வேரை வெட்டி, செடியை அப்படியே தலைகீழாக நிறுத்திவிட வேண்டும். தரையில் கிடந்தால் மறுபடி வேர் பிடிக்கும். பழம் கருப்பதற்கு முன் செய்யுங்கள், பழுத்த பின் வெட்டினால் குருவிகள் விதையைப் பரப்பிவிடும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் அழிக்கப் பார்க்காதீர்கள். நல்ல மரங்கள் மிஞ்சியிருக்கும் இடத்தில் தொடங்கி வெளியே விரியுங்கள், வெறுமையான இடத்தில் உடனே உள்ளூர்ப் புல்லோ கன்றோ வையுங்கள். முதுமலைப் பக்கம் பரவிய சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அயல்நாட்டு மரம் இன்னும் பிடிவாதமானது, வெட்டினால் அடிக்கட்டையில் இருந்து கொத்தாகத் துளிர்க்கும். சிறு கன்றை வேரோடு பிடுங்குங்கள், பெரியதற்கு அடிப்பட்டையை வளையமாக உரித்துக் காய விடுங்கள். அதற்கும் வனத்துறைக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள், பட்டை உரிந்த மரம் தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்குக் குற்றமாகத்தான் தெரியும்.

தீக்காலம் பிப்ரவரியில் இருந்து மே வரை. பொங்கல் முடிந்த கையோடு எல்லைத் தீக்கோடு போட்டுச் சருகை வாரிவிட வேண்டும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பகுதியைப் பதிந்து வைத்தால் செயற்கைக்கோள் தீ எச்சரிக்கை கைப்பேசிக்கே வரும், அதற்குக் கட்டணமில்லை. 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் நிலம் வழியாக மலையேற வருகிறவர்களைத் தீக்காலத்தில் அனுமதி இல்லாமல் உள்ளே விடாதீர்கள். மனிதாபிமானமும் சட்டமும் இரண்டும் அதைத்தான் கேட்கின்றன.

யானை, காட்டுமாடு, பன்றி மூன்றுக்கும் வேலி ஒரே பதில் ஆகாது. மின்வேலிக்கு 2023-ல் தமிழ்நாடு தனி விதிகள் கொண்டுவந்தது. சூரிய சக்தி வேலியாக இருந்தாலும் பதிவு வேண்டும். நேரடி மின்சாரம் கொடுப்பது குற்றம், உயிர்க் கொலை. யானை நடக்கும் பாதை உங்கள் நிலத்தில் இருந்தால் அதைத் திறந்துவிட்டுக் களத்தையும் வீட்டையும் மட்டும் காப்பதுதான் நீடிக்கும். வால்பாறையில் 2011 முதல் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாகவும் சிவப்பு விளக்காகவும் முன்கூட்டித் தெரிவிக்கிறார்கள், உயிரிழப்பைக் குறைத்த முறை அது. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்க அன்றே படம் எடுத்து, விஏஓ, வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலர், ரேஞ்சர் மூவருக்கும் தெரிவியுங்கள்.

படி 6: நிற்கும் காட்டில் இருந்து வருமானம்

வெட்டாமலே சம்பாதிக்க முடியுமா? முடியும், ஆனால் அதிலும் நிதானம் வேண்டும்.

மிளகு முதல் வழி. நிழல் மரங்களில் ஏற்கனவே கொடி இருக்கும், கவாத்தும் வடிகாலும் பார்த்தாலே விளைச்சல் கூடும். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கீழ்ப்பழனிக்காரர்கள் அங்கே போய் நிழல் எவ்வளவு, எந்த மரம் என்று கேட்கலாம். ஒரே இனமாக சில்வர் ஓக்கை மட்டும் வைக்காமல் பலா, அத்தி, சந்தன வேம்பு, வேங்கை என்று கலந்து வைத்தால் பூச்சியும் வறட்சியும் ஒரே அடியில் தோட்டத்தைச் சாய்க்காது.

பலர் கவனிக்காத வழி விதையும் நாற்றும். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-ல் தொடங்கிய பிறகு உள்ளூர் இன நாற்றுக்குத் தேவை கூடியிருக்கிறது. தாய் மரம் வைத்திருப்பவர் காட்டு நிலக்காரர்தான். நாவல் விதையைக் காயவைத்துச் சேமிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பழச்சதை கழுவியவுடன் சில நாட்களுக்குள் விதைத்தால்தான் முளைக்கும். வேங்கையின் சிறகுக் காய்க்கு அந்த அவசரம் இல்லை. இனத்துக்கு இனம் இப்படி மாறும் நுணுக்கங்கள்தான் இந்தத் தொழிலின் மூலதனம். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் பயிற்சி உண்டு. சீரழிந்த சோலையை மீட்க நினைப்பவர்கள் வால்பாறையைப் போய்ப் பாருங்கள். அங்கே எஸ்டேட்டுகளுக்கு நடுவே சிதறிக் கிடந்த மழைக்காட்டுத் துண்டுகளை, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் எஸ்டேட் நிறுவனங்களோடு சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக மீட்டு வருகிறார்கள்.

நட்ட மரத் துண்டை விரிவாக்க நினைத்தால், வேளாண் துறையின் பசுமைப் போர்வைத் திட்டத்தில் உழவன் செயலி வழியாகக் கன்றுகளுக்குப் பதியலாம்.

தங்கும் விடுதி கட்டும் யோசனை இருந்தால் படி 1-ஐத் திரும்பப் படியுங்கள். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும விதிகளும் கட்டட விதிகளும் கடுமையானவை. இருக்கிற வீட்டில் இரண்டு அறையை முறையாகப் பதிவு செய்து விடுவது வேறு, சரிவை வெட்டிக் குடில் கட்டுவது வேறு.

கார்பன் வரவு, அதாவது மரம் காற்றிலிருந்து கார்பனை இழுத்துச் சேர்ப்பதற்குப் பணம், என்று இப்போது நிறையப் பேர் தோட்டத்துக்கு வந்து பேசுகிறார்கள். புதிதாக மரம் நட்டால், நடாமல் இருந்திருந்தால் சேர்ந்திராத கார்பனுக்குத்தான் பணம். ஏற்கனவே நிற்கும் காட்டுக்கு, அதுவும் வெட்டவே சட்டம் தடுக்கும் காட்டுக்கு, "நாங்கள் வெட்டாமல் விட்டோம்" என்று வரவு கேட்பது கடினம். அளந்து சான்றளிக்கும் செலவு பெரியது என்பதால் பத்து ஏக்கர்க்காரர் தனியாகப் போக முடியாது, குழுவாகத்தான் முடியும். கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: எத்தனை ஆண்டு கட்டுப்பாடு? சான்றளிப்புச் செலவு யாருடையது? தீப்பிடித்தால் வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டுமா? நிலத்தை விற்றால் ஒப்பந்தம் வாங்குகிறவரைக் கட்டுமா? நிலத்தைக் குத்தகை என்று எழுதச் சொன்னால், 1949 சட்ட நிலத்தில் அதற்குக் குழு அனுமதி வேண்டும் என்பதை அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள்.

பணம் நோக்கமில்லை, காடு காடாகவே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-சி பிரிவு ஒரு வழி. நிலக்காரர் தானாக முன்வந்தால் தனியார் நிலத்தையும் சமூகக் காப்பகமாக அறிவிக்கலாம். அறிவித்த பின் மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது, ஆகவே வீட்டில் எல்லோரும் ஒருமனதாக இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள்.

படி 7: பாகப்பிரிவினை

தனியார் காடுகள் துண்டாவது பெரும்பாலும் பாகம் பிரிக்கும்போதுதான். நாலு பேருக்கு நாலு நீளக் கீற்றாக, ரோட்டில் இருந்து ஓடை வரை கோடு கிழித்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாதை, ஒரு வேலி, ஒரு வீடு என்று ஆரம்பித்தால் பத்து வருடத்தில் சோலை போய்விடும். இதற்கு மாற்று உண்டு. படி 2-இல் குறித்த தோட்டத்தையும் நட்ட மரத்தையும் பங்கு பிரியுங்கள், தானாக நிற்கும் காட்டை ஒரே கட்டாகப் பொதுவில் வையுங்கள். ஓடைத் தண்ணீர், பாதை, தீக்கோட்டுச் செலவு ஆகியவற்றை யார் எவ்வளவு பகிர்வது என்று அதே பத்திரத்தில் எழுதுங்கள்.

மகள்களை மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1989 முதல், நாடு முழுவதும் 2005 முதல் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை. அக்கா கையெழுத்து இல்லாத மர விற்பனை ஒப்பந்தம் எந்த நிமிடமும் நின்றுபோகும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பங்காளிகளிடம் அனுமதி மனுவுக்கும் விற்பனைக்கும் தனித்தனி அதிகாரப் பத்திரம் வாங்கி வையுங்கள், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று வேண்டாம்.

நிலம் 1949 சட்டத்தில் அறிவிக்கப்பட்டதாக இருந்தால், பாகப்பிரிவினையோ தானப் பத்திரமோ எழுதுவதற்கு முன் வரைவை வழக்கறிஞரிடம் காட்டி, மாவட்டக் குழுவின் அனுமதி தேவையா என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வந்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் நாள் குறியுங்கள்.